காத்துக்குக் குறிச்ச முகூர்த்தம்

வள்ளத்துக்கு மனுசன் இஞ்சின் மாட்டாத காலம் அது. பாயை விரிச்சா வள்ளம் போகும், சுருட்டினா நிக்கும். அப்போ தெக்க, கிழக்குக் கடலைப் பாத்த ஒரு கரையில ரெண்டு காத்துங்க வேலை பாத்துச்சு.

ஒருத்தி கரைக்காத்து. ராத்திரி ஷிப்டு. நிலத்துலேருந்து கடலுக்கு வீசுவா. அடி வெச்சா அடி தெரியாத நடை. வர்ற வழியில வைக்கப்போர் வாசனை, எவன் வீட்டுலயோ அவிச்ச பனங்கிழங்கு வாசனை எல்லாத்தையும் முந்தானையில முடிஞ்சுக்குவா. விடியக்காலம் வள்ளங்களோட முதுகுல கைய வெச்சு, "போயிட்டு வாங்கப்பா"ன்னு கடலுக்குள்ள தள்ளி விட்டுட்டு, எட்டு மணி வாக்குல கொட்டாவி விடுவா.

இன்னொருத்தன் கடல்காத்து. பகல் ஷிப்டு. கடல்லேருந்து நிலத்துக்கு வீசுவான். வரும்போதே நாலு பேரு வேட்டியைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் வருவான். காயப்போட்ட கருவாட்டைக் கிளப்புவான், கொடையைப் புடிச்சு உள்வெளியாத் திருப்புவான். ஆனா மத்தியானம் ஆச்சுன்னா ஒரு வள்ளம் விடாம மீனோட கரை சேத்துருவான். பொழுது சாஞ்சா அவனுக்கும் கண்ணு சொக்கிரும்.

ஒருத்தி வர்றப்ப இவன் தூங்குவான். இவன் வர்றப்ப அவ தூங்குவா. ஒரே கரையில வேலை, ஆனா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்ததில்லை.

கரையோரமா ஒத்தப் பனை ஒண்ணு நின்னுச்சு. எல்லாரும் பனை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாரு. சில நாள் வேணும்னே மழை பெய்யிற சத்தத்தை ஓலையில எடுத்து விடுவாரு, 'சளசள சளசள'ன்னு. கருவாடு காயப்போட்ட பொம்பளைங்க, "ஐயோ மழை, ஐயோ மழை"ன்னு சோத்துக் கையோட ஓடி வருவாங்க. வந்து பாத்தா வானம் பளிங்கு மாதிரி இருக்கும். அண்ணாச்சி ஓலை ஓலையாச் சிரிப்பாரு.

ஒரு நாள் விடியக்காலம் கரைக்காத்து கேட்டா.

"அண்ணாச்சி, பகல்ல இங்க யாரு வேலை பாக்குறது? உங்க ஓலையெல்லாம் உப்பா இருக்கே?"

"அதை ஏன் கேக்குற தங்கச்சி. ஒரு பய வர்றான்." அண்ணாச்சி நெஞ்சை நிமித்திக்கிட்டாரு. "'ஓய் அண்ணாச்சி! தள்ளும், தள்ளும்! வள்ளம் வருது, வழி விடும்!' இப்படித்தான். நான் எங்க தள்ளுறது? நான் மரம்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கல. அன்னிக்கு வள்ளமெல்லாம் குலுங்கிக் குலுங்கிக் கடலுக்குப் போச்சு.

சாயங்காலம் கடல்காத்துகிட்ட அண்ணாச்சி குரலை இறக்கினாரு.

"ராத்திரி ஒரு புள்ள வருது தம்பி. 'அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா? ஒண்ணுமில்லை, சும்மா கேட்டேன்.' அவ்வளவுதான் பேசும். ஆனா அந்த 'சும்மா' இருக்கு பாத்தியா, அதை நாலு தடவை கேக்கலாம்."

"நாலு தடவை சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி நாலு தடவை சொன்னாரு.

அப்புறம் என்ன. தினமும் காலையில அவகிட்ட அவன் மாதிரி பேசுறது, சாயங்காலம் அவன்கிட்ட அவ மாதிரி பேசுறது. மூணு மாசத்துல ரெண்டு பேருக்கும் காதல் முத்திப்போச்சு. உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் பாதி ஒருத்தரை ஒருத்தர் காதலிச்சாங்க, மீதிப் பாதி அண்ணாச்சியைக் காதலிச்சாங்க. அது அவங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும், ஆனா வாயத் தொறக்கல. அவர் வாயத் தொறக்காத ஒரே விசயம் அதுதான்.

கடைசியில கடல்காத்து வந்து ஓலையைப் புடிச்சுக்கிட்டான்.

"அண்ணாச்சி, எனக்கு அவளைக் கட்டி வைங்க. முடியாதுன்னா சொல்லிருங்க. நான் வடக்க வேற கரைக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிருவேன். இந்த வள்ளமெல்லாம் எப்படியோ போகட்டும்."

அவளுக்கும் வேலையில புத்தி இல்லை. வள்ளத்தைத் தள்ளுறவ பாதியில நின்னு பெருமூச்சு விடுவா. வள்ளம் ரெண்டு சுத்து சுத்தி வந்த வழியே திரும்பிரும். வள்ளக்காரன் தொம்மை ஒரு வாரமா வெறும் வலையோட வந்து நின்னான். அவன் பொண்டாட்டி பிரகாசி பனைக்கு அடியில நின்னு கையை நீட்டினா.

"இந்தா பாருங்க அண்ணாச்சி. ரெண்டு காத்துக்கும் வெவரம் சொல்லிக் கெடுத்தது நீங்க. கல்யாணத்தையும் நீங்களே முடிச்சு வைங்க. என் அடுப்புல மீன் கொதிச்சு எட்டு நாள் ஆச்சு."

அண்ணாச்சி யோசிச்சாரு. யோசிக்கிறது அவருக்குப் பழக்கமில்லை, ஆனாலும் யோசிச்சாரு.

"கேட்டுக்கங்க," ன்னாரு சாயங்காலம், எல்லாரையும் வெச்சுக்கிட்டு. "காலையில எட்டரை மணி வாக்குல அவ கெளம்புறா. ஒம்பது, ஒம்பதரைக்கு இவன் வர்றான். நடுவுல அரை மணி நேரம் இருக்கு பாத்தீங்களா? அவ வேலையும் முடிஞ்சுது, இவன் வேலையும் ஆரம்பிக்கல. ரெண்டு பேருக்கும் லீவு. அதுதான் முகூர்த்தம்."

"ஆகா," ன்னான் கடல்காத்து. "ஆகா," ன்னான் தொம்மை. கரையில இருந்த நண்டு ரெண்டு கொடுக்கையும் தட்டுச்சு. அந்த அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் எங்க இருப்பாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. கல்யாணப் பேச்சுல கேள்வி கேட்டா அபசகுனம்னு விட்டுட்டாங்க.

"ஆனா அரை மணி பத்தாதே," ன்னா பிரகாசி. "தாலி கட்டணும், மெட்டி போடணும், சொந்தக்காரன் மொகம் கோணாம பாத்துக்கணும். சூரியனைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

அண்ணாச்சி அண்ணாந்து கேட்டாரு.

"நான் எங்கய்யா நகர்றேன்?" ன்னுச்சு சூரியன். "உங்களைப் பொறுத்தவரைக்கும் எனக்கு உக்காந்த எடம்தான். தினமும் உருண்டு உருண்டு என் முன்னால வந்து போறது நீங்க நிக்கிற பூமி. ஆபீஸ் வாசல்லயே நின்னுக்கிட்டு அட்ரஸ் கேக்குறீங்களே."

எல்லாரும் குனிஞ்சு காலுக்குக் கீழ பாத்தாங்க.

பூமி தன்பாட்டுக்கு முணுமுணுன்னு எதையோ பாடிக்கிட்டு மேக்கேருந்து கிழக்க உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

"பூமியம்மா!" ன்னு கூப்பிட்டாரு அண்ணாச்சி.

"சத்தமாப் பேசு. உருள்ற மும்முரத்துல காது கேக்கல."

"ஒரு கல்யாணம்! கொஞ்ச நேரம் நிக்கணும்!"

"நிக்கிறதா?" பூமி சிரிச்சதுல கரையோரம் ரெண்டு தேங்கா விழுந்துச்சு. "நான் எந்த வேகத்துல போறேன் தெரியுமா? உன் கரையிலேருந்து மெட்ராஸுக்குப் போயிட்டு, திரும்பி வந்து, மறுபடியும் பாதி தூரம் போயிரலாம். ஒரு மணி நேரத்துல. நான் சட்டுனு நின்னா நீ, உன் கடலு, உன் நண்டு எல்லாம் அப்படியே கிழக்க பறந்துரும். பஸ்ஸு பிரேக் போட்டா நிக்கிறவன் டிரைவர் மடியில போயி விழுவானே, அந்த மாதிரி."

"மெதுவா நிக்கலாமே அம்மா. ஆடுற தொட்டிலைப் புள்ள முழிக்காம நிறுத்துவாங்களே, அப்படி."

பூமி உருண்டுக்கிட்டே யோசிச்சுச்சு.

"எனக்கு என்னமோ இது சரியா வரும்னு தோணல. ஆனா கல்யாணம்னு வாயத் தொறந்து கேட்டுட்டே. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? சரி, ஒண்ணு கேட்டுக்க. என் முதுகுல நடக்கிறது எதுவும் என் கண்ணுக்குத் தெரியாது. தாலி ஏறினதும் கெட்டிமேளம் தட்டு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் உருளுவேன். அதுவரைக்கும் ஒரு மயிரிழை அசைய மாட்டேன். வாக்குன்னா வாக்கு."

"மேளம் நானே!" ன்னாரு அண்ணாச்சி. "நாயனமும் நானே! பந்தியில 'இன்னொரு கரண்டி போடு'ன்னு கத்துற மாமனும் நானே!"

கல்யாண நாள் வந்துச்சு. கரையில பெரிய பந்தல். கால் நட நல்ல மூங்கில் கெடைக்கல. வள்ளக்காரங்க எல்லாரும் துடுப்பைக் கொண்டாந்து நட்டுட்டாங்க. "காத்துக்கே கல்யாணம், இன்னிக்குக் காத்துக்கா பஞ்சம்? துடுப்பு எதுக்கு?" ன்னு தொம்மைதான் யோசனை சொன்னான். விருந்துக்கு மீன் வேணுமேன்னு விடியறதுக்கு முன்னாலயே எல்லாரும் பாயை விரிச்சாங்க. மணப்பொண்ணே வந்து வள்ளங்களைத் தள்ளி விட்டா.

"சீக்கிரம் திரும்பி வாங்க," ன்னா வெக்கத்தோட. "மாப்ள வந்ததும் உங்களைக் கூட்டியாந்துருவாக."

எட்டரை ஆச்சு. அவ கொட்டாவி விட்டா. பூமி மெதுவா, மெதுவா, மெதுவா, உருளலை நிறுத்துச்சு.

நின்னுச்சு.

கடல் தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி ஆயிப்போச்சு. அடுப்புப் புகை நட்டு வெச்ச கம்பா மேல போச்சு. சூரியன் கெழக்க அதே சாய்வுல நின்னுச்சு. மணல்ல கைய வெச்சாலும் வெதுவெதுன்னு இருந்துச்சு, கடல்ல கைய வெச்சாலும் அதே வெதுவெதுப்புதான்.

"மாப்ள எங்க?" ன்னுச்சு நண்டு.

"பொண்ணு எங்க?" ன்னா பக்கத்துல படர்ந்திருந்த அடப்பங்கொடிப் பூவு. காலையில விரிஞ்சு மத்தியானம் சுருங்குற பூவு அவ.

"அலங்காரம் முடிஞ்சிருக்காது."

"காத்துக்கு என்னடா அலங்காரம்?"

ரெண்டு பேரும் அண்ணாச்சியைப் பாத்தாங்க. அண்ணாச்சி வாயத் தொறந்தாரு.

ஒண்ணும் வரல.

மறுபடியும் தொறந்தாரு. ஒரு ஓலை, ஒரே ஒரு ஓலை நுனிகூட அசையல. அண்ணாச்சிக்கு வாய் இருந்துச்சு, பேச்சு காத்தோடது. அது அவருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கெட்டிமேளம் தட்டவும் வழியில்லை. வழியில்லைன்னு யாருக்கும் சொல்லவும் வழியில்லை.

பூமி காத்துக்கிட்டே இருந்துச்சு, வாக்கு குடுத்த மனுசி மாதிரி.

எவ்வளவு நேரம் போச்சுன்னு எப்படிச் சொல்றது? நேரம்னு ஒண்ணு போனாத்தானே. கறந்த மாடு அடுத்த கறவை எப்பன்னு தெரியாம முழிச்சுச்சு. புளியமரம் எலையை மூடுறதா தொறக்கிறதான்னு தெரியாம பாதியில வெச்சிருந்துச்சு. பூமிக்கு அந்தப் பக்கம் எங்கயோ ராத்திரி அப்படியே நின்னுபோச்சு. அங்க ஒரு சேவல் கூவுறதுக்குத் தொண்டையைச் செருமிச்சு. செருமிச்சு. செருமிக்கிட்டே இருந்துச்சு.

"எனக்கு மொகம் வலிக்குது," ன்னா அடப்பம்பூ. "போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி எவ்வளவு நேரம்தான் விரிஞ்சுக்கிட்டே இருக்கிறது? நான் எப்போ சுருங்குறது?"

"உனக்கு மொகம்தான் வலிக்குது. எனக்கு வயிறு," ன்னுச்சு நண்டு. "பொழுது சாஞ்சாத்தான் நான் எரை தேடவே போவேன். பொழுது எங்க சாயிது?"

கண்ணுக்கு எட்டுற தூரத்துல வள்ளங்க நின்னுச்சு. பாயெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்குச்சு. தொம்மை வள்ளத்துப் பாய்மரத்து உச்சியில ஒரு செம்பருந்து உக்காந்திருந்துச்சு. அதுக்கும் பறக்கக் காத்தில்லை. காத்தே இல்லாததால பேச்சு மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

"ஏங்க!" ன்னா பிரகாசி. "என்ன அங்க, பாய விரிச்சுப் படுத்துட்டீங்களா?"

"காத்து இல்லடி!"

"துடுப்பு போட வேண்டியதுதானே!"

தொம்மை தலையைச் சொறிஞ்சான்.

"துடுப்பு உன் தலைக்கு மேல நிக்குது பாரு," ன்னான் தொம்மை.

பிரகாசி பந்தக்காலைப் பாத்தா. பன்னெண்டு துடுப்பு, மாவிலை கட்டி, சந்தனம் பூசி, அழகா நின்னுச்சு.

"தண்ணி இருக்கா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"அர செம்பு இருக்கு. ஆறு பேரு இருக்கோம். மீன் வேற நாற ஆரம்பிச்சுருச்சு. பிரகாசி... சின்னவன் கேட்டான்னா அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு."

தொம்மை குரல் அப்படி இறங்கி அவ கேட்டதே இல்லை. எந்த நேரமும் அவளுக்கு ஒரு எதிர்ப்பேச்சு வெச்சிருக்கிற மனுசன். பிரகாசி கழுத்து வரைக்கும் தண்ணில எறங்கிப் பாத்தா. நீச்சல்ல போற தூரம் இல்லை அது. ஏறி வந்து கரையில பொத்துனு உக்காந்தா. கோவம் பனை உசரத்துக்கு வந்துச்சு.

"ஏ பூமி!" ன்னா. "கல்யாணமாம் கல்யாணம்! பொண்ணும் காணோம், மாப்ளயும் காணோம், நடுவுல என் புருசனைக் காயப்போட்டியே! நீ வெளங்குவியா? நீ உருப்படுவியா? உன் தலையில மண்ணு விழ!"

பூமி தலையில மண்ணு விழணும்னு சாபம் விட்ட மொத ஆளு பிரகாசிதான். அவ அதையெல்லாம் யோசிக்கல. ரெண்டு கையாலயும் மணலை ஓங்கி ஓங்கி அடிச்சா. தும் தும் தும் தும் தும். திட்டினது பூமி காதுல விழல, அடிச்சது முதுகுல விழுந்துச்சு.

"ஆ! கெட்டிமேளம்!" ன்னுச்சு பூமி. "ஆயிருச்சுடி கல்யாணம்!"

சந்தோசத்துல ஒரு தரம் குலுங்கிட்டு உருள ஆரம்பிச்சுச்சு.

சூரியன் ஒரு விரக்கடை மேல வந்துச்சு. மணல் சுட ஆரம்பிச்சுச்சு. அடப்பம்பூ, "அப்பாடா"ன்னு மொகத்தைத் தளர்த்துனா. கடல்ல தூரத்துல ஒரு சுருக்கம் விழுந்துச்சு. அந்தச் சுருக்கம் ஓடி வந்துச்சு, தொங்கின பாயெல்லாம் பொம்முனு உப்புச்சு.

"என்ன அண்ணாச்சி, நேரம் ஆயிருச்சா?" ன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்தான் கடல்காத்து. "பொண்ணு எங்க?"

அண்ணாச்சிக்கு அத்தனை நேரமும் அடைச்சுக் கெடந்த பேச்செல்லாம் ஒண்ணாக் கொட்டிச்சு. "எங்கலே போன நீ? அவளும் வரல, நீயும் வரல! நான் வாயத் தொறக்குறேன், சத்தம் வரல! எனக்கு! சத்தம் வரல!"

வள்ளங்க கரை தட்டிச்சு. பிரகாசி தண்ணிச் செம்பைக் கொண்டாந்து தொம்மை வாயில கவுத்தா. குடிச்சு முடிச்சதும் அவன் முதுகுல ஒண்ணு வெச்சா. "இனிமே துடுப்பு இல்லாம வள்ளம் எடுத்தீங்க..." ன்னா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

"பொண்ணு மாப்ள எப்படி, நல்ல ஜோடியா?" ன்னு பூமி கேட்டுச்சு.

அண்ணாச்சி நடந்ததைச் சொன்னாரு. பூமி உருண்டுக்கிட்டே ரொம்ப நேரம் சிரிச்சுச்சு.

"அட மரமே. மணல் ஒரு அவசரக்காரி, சட்டுனு சுடுவா, சட்டுனு ஆறுவா. கடல் நெதானக்காரன், அவனுக்குச் சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். நான் சூரியன் பக்கம் திரும்பினா மணல் முந்திக்கிட்டுச் சுடுது, கடல்காத்து உள்ள வர்றான். நான் அந்தப் பக்கம் திரும்பினா மணல் முந்திக்கிட்டு ஆறுது, கரைக்காத்து வெளிய போறா. ரெண்டும் ஒரே சூடா இருந்தா? யாரு, எதுக்கு, எங்க போவா? நீ முகூர்த்தம்னு குறிச்சது ரெண்டு பேருமே இல்லாத நேரத்தை."

கடல்காத்து வேகத்தைக் கொறைச்சுக்கிட்டு மணல்ல உக்காந்தான்.

"அப்போ நீங்க உருண்டா நானும் அவளும் சேர முடியாது," ன்னான். "நின்னா, இருக்கவே முடியாது."

அண்ணாச்சிகூட சும்மா இருந்தாரு. இந்தத் தடவை காத்து இருந்தும் சும்மா இருந்தாரு.

"எனக்கு மாத்தல் குடுங்கம்மா," ன்னான் கடல்காத்து. "வடக்க எங்கயாவது."

அப்போதான் செம்பருந்து பாய்மரத்தை விட்டுக் கெளம்புச்சு. வெகு நேரம் றெக்கையைக் கட்டிப்போட்டு உக்காந்த கடுப்பு அதுக்கு. சுட்ட மணல்லேருந்து எழும்பின அனல்ல ஏறி, வட்டம் போட்டு வட்டம் போட்டு, புள்ளி ஆகிற வரைக்கும் போச்சு. போனது திடுதிடுன்னு எறங்கி வந்துச்சு.

"ஏலே கடல்காத்து! இங்க கீழ நீ நிலத்துப் பக்கம் போறே, சரியா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மேல, நான் போனேனே, அவ்வளவு ஒசரத்துல, ஒரு காத்து கடல் பக்கம் போகுது. நெஞ்சுல கைய வெச்சு என்னைப் பின்னால தள்ளுது."

"எவன் அவன்?"

"அவன் இல்லடா, அவ. கண்ணை மூடிக்கிட்டுப் போறா. தூக்கத்துல சிரிச்சுக்கிட்டே போறா. உன் பேரைச் சொல்லிக்கிட்டே போறா."

கடல்காத்து எந்திரிச்சான். அவன் எந்திரிச்ச வேகத்துல பந்தலோட பாதி ஓலை பறந்துச்சு.

"அவ தூங்குறான்னு எனக்குத் தெரியும். ஆனா நடந்துக்கிட்டே தூங்குறாளா?"

"நீ மட்டும் என்ன?" ன்னுச்சு பூமி. "ராத்திரி அவ கீழ கடலுக்குப் போறப்ப, மேல நீ கண்ணை மூடிக்கிட்டு நிலத்துக்குத் திரும்பி வர்றே. நான் முதுகால தடவிப் பாத்த வரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீடு. கீழ்வீட்டுல ஒருத்தர் வேலை, மாடியில ஒருத்தர் தூக்கம். நான் ஒரு உருளு உருண்டா எடம் மாத்திக்கிறீங்க. அவ்வளவுதான்."

"மாடிக்குப் படி எங்க இருக்கு?"

"மேக்க," ன்னுச்சு செம்பருந்து. "செம்மணல் மேடு, நம்ம தேரி இருக்குல்ல, கால் வைக்க முடியாம கொதிக்குமே, அதுக்கு மேல."

அன்னிக்கு அவன் ஓடின ஓட்டத்தை அந்தப் பக்கத்துக்காரங்க வெகு நாள் பேசினாங்க. வேட்டி, கருவாடு, கொடை ஒண்ணையும் திரும்பிப் பாக்கல. தேரிக்காட்டுல போயி கொதிக்கிற மணல் மேல நின்னான். அனல் அவனைத் தூக்குச்சு. ஏறினான், ஏறினான். மூச்சு முட்டி இனிமே ஏற முடியாதுன்னு ஆன எடத்துல, இன்னொருத்தி மூச்சு ஆரம்பிச்சுச்சு.

"யாரு?" ன்னா அவ, பாதித் தூக்கத்துல.

"நான்தான். தூங்கிட்டியா? ஒண்ணுமில்லை, சும்மா கேட்டேன்."

அவ ஒரு கண்ணைத் தொறந்தா. "நீ என்ன, அண்ணாச்சி மாதிரியே பேசுறே?"

"நீயும்தான்," ன்னான் அவன். "ஆனா அவரைவிடக் கொஞ்சம் நல்லாப் பேசுறே."

கீழ அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளல. செம்பருந்து எறங்கி வர்றதுக்குள்ள முப்பது தடவை கூப்பிட்டுட்டாரு.

"என்னாச்சு? பாத்துக்கிட்டாங்களா? சரி சரி, அடுத்த முகூர்த்தம் நான் குறிச்சுத் தர்றேன். இந்தத் தடவை தப்பே வராது."

"முகூர்த்தத்தை விடுங்க அண்ணாச்சி," ன்னுச்சு செம்பருந்து. "தொட்டில் கட்ட ஆள் பாருங்க."

"தொட்டிலா?"

எல்லாரும் மேக்க திரும்பிப் பாத்தாங்க. தேரிக்காட்டுக்கு மேல, மாடிப்படி முடியிற எடத்துல, வெள்ளை வெளேர்னு ஒரு குட்டி மேகம் உக்காந்திருந்துச்சு. காலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு.

"அய்யய்யோ!" அண்ணாச்சி ஓலையெல்லாம் நட்டுக்கிச்சு. "கல்யாணமே இன்னும் ஆகலையே!"

"அது ஆச்சுய்யா, நான் மொத சுத்து சுத்தின அன்னிக்கே. பந்திக்கு நீதான் லேட்டு," ன்னுச்சு பூமி, நிக்காம.